ஈரக்கல்லு

சுகிர்தா தட்டிய கல், கல்லைப் போலச் சத்தம் போடவில்லை.

அடிவாரத்து முட்புதரைத் தாண்டி, சரளைச் சரிவையும் தாண்டி, இரண்டு பக்கமும் பள்ளம் பார்க்கும் இந்தக் குறுகலான மலைமுதுகில் ஏறத் தொடங்கியதிலிருந்தே அவள் ஒவ்வொரு கல்லையும் கைச்சுத்தியால் தட்டிக் கேட்டுவிட்டுத்தான் காலை வைத்துக்கொண்டிருந்தாள். உறுதியான கல் கணீரென்று சொல்லிவிடும். விரிசல் விட்டது டொப்பென்று அமுங்கும். இது இரண்டிலும் சேராமல், விருந்து சாப்பிட்டுவிட்டு மல்லாந்து படுத்திருப்பவரின் வயிற்றைச் சுண்டினால் வருகிற மாதிரி ஒரு சத்தம் கொடுத்தது. சுத்தியின் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஈரம். மழை பெய்து மாதக் கணக்காகிறது, பங்குனி வெயில் காலையிலேயே மண்டையைப் பிளக்கிறது, கல்லில் ஈரம் எங்கிருந்து வந்தது என்று அதை மூக்கருகே கொண்டுபோனவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சனிக்கிழமை மறந்து வைத்துவிட்டுப் போன டிபன் பாக்ஸைத் திங்கட்கிழமை திறந்தால் வருமே, அந்த நாற்றம்.

"இன்னாக்கா, நின்னுக்கினே கீற?" கீழே இருந்து தம்பி இம்மானுவேல் கேட்டான்.

"ஒன்னுமில்லடா. வா."

காலையில் அம்மாவிடம், ஆரணியில் கூட்டாளி வீட்டு ஜெபக் கூட்டத்துக்குப் போகிறோம் என்று புளுகிவிட்டுத் தம்பியின் பைக்கில் ஏறியிருந்தாள். ஈஸ்டருக்கு முந்தின தவசு நாளில், அதுவும் ஞாயிற்றுக்கிழமையில், சர்ச்சுக்குப் போகாமல் மலையேறப் போகிறேன் என்றால் அம்மா வாசலில் படுத்துக்கொண்டிருப்பாள். அந்தப் பொய்க்குப் பிறகு, தம்பியிடம் இப்போது சொன்ன இந்த இரண்டாவது பொய் நாக்கில் எளிதாக வந்தது.

கவரைப்பேட்டை தாண்டி உள்ளே போனால் ஒரு பவுண்டரி இருக்கிறது. இரும்பை உருக்கி, அச்சில் ஊற்றி, பம்ப் கூடுகள் செய்கிற இடம். ஆறிய இரும்பைச் சுத்தியால் தட்டி, காதால் கேட்டு, எது தேறும் எது தேறாது என்று பிரிப்பது சுகிர்தாவின் வேலை. அங்கே ஷெட்டுக்குப் பின்னால் உள்ள இரும்புப் படிக்கட்டில் டீ கிளாஸோடு ஏறி நின்றால் மேற்கே சத்தியவேடு பக்கத்து மலைகள் வரிசையாகத் தெரியும். அந்த வரிசையில் சேராமல் ஒன்று மட்டும் மொட்டையாக, கூராக, தனியாக நிற்கும். மரம் கிடையாது, புல் கிடையாது, வெறும் கல்லும் அதன் மேல் கல்லும். உச்சிக்குச் சற்றுக் கீழே கத்திரி வெயிலில்கூடக் காயாத ஒரு கருப்பு. அதனால்தான் அந்தப் பக்கத்தில் அதற்கு ஈரக்கல்லு என்று பேர்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அதன்மேல் அவளுக்கு ஆசை விழுந்துவிட்டது. அவள் வயதுக்காரிகளுக்கு நகைமேல், மனைமேல் ஆசை வந்தது, இவளுக்கு ஒரு மொட்டைக் கல்மேல் வந்தது. கூட வேலை செய்யும் ஹேமாவதி, "இன்னாடி, உன் மாப்ள இன்னிக்கு முகம் காட்னாரா?" என்று கேட்காத நாள் இல்லை. நைனா செத்துப்போன பிறகு, தம்பியைப் படிக்க வைத்து, அதே பவுண்டரியில் சேர்த்துவிட்டு, கல்யாணம் என்ற பேச்சையே தள்ளிப் போட்டுக்கொண்டு வந்தவளுக்கு, நிஜமாகவே மாப்பிள்ளை என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. இப்போது தம்பிக்குக் கல்யாணம். ஈஸ்டர் முடிந்ததும் ஷைனியோடு ஓரகடத்துக்குக் குடிபோய்விடுவான். அப்புறம் கூட வர யார் இருக்கிறார்கள்? "ஒரே ஒரு தபாடா, மேல தொட்டுட்டு வந்துடலாம்" என்று கெஞ்சித்தான் கூட்டி வந்திருந்தாள். அக்கா கேட்டு இம்மானுவேல் மாட்டேன் என்று சொன்னதில்லை.

லாரி லோடு கட்டும் நைலான் கயிற்றின் ஒரு முனை அவள் இடுப்பில், மறுமுனை அவன் இடுப்பில். கயிறு இழுபடும்போதெல்லாம் அவன் இருக்கிறான் என்று ஒரு தெம்பு வந்தது.

மேலே போகப் போகக் கற்கள் ஆடின. ஒன்றும் ஊன்றி நிற்கவில்லை. கை வைத்தால் ஒன்று தலையாட்டியது, கால் வைத்தால் இன்னொன்று மெதுவாகப் பக்கவாட்டில் சாய்ந்து, தூக்கத்தில் புரண்டு படுக்கிறவரைப் போல ஒரு பெருமூச்சோடு அமர்ந்தது. உருண்டு விழுகிற கல்லுக்குப் பள்ளத்தில் ஒரு சத்தம் கேட்க வேண்டும் இல்லையா? கேட்கவில்லை. காற்று நின்று போயிருந்தது. காக்கை, பருந்து, ஓணான், எறும்பு, ஒரு ஈகூட இல்லை. இவ்வளவு நாற்றத்துக்கு ஈ மொய்க்காதது அவளுக்குப் பிடிக்கவே இல்லை.

"அக்கா, ஒரு நிமிசம்." இம்மானுவேல் ஒரு கல்லைப் பிடித்து உடம்பைத் தூக்கப் பார்த்தான். அது கையோடு பெயர்ந்து வந்தது.

கல்லின் அடிப்பக்கம் வெள்ளையாக இருந்தது. பல நாள் கட்டுப் போட்ட விரலைப் பிரித்தால் தோல் ஊறி வெளுத்துச் சுருங்கியிருக்கும், அந்த வெள்ளை. அதிலிருந்து மயிரைப் போன்ற மெல்லிய இழைகள், கல் இருந்த குழிவரைக்கும் ஜவ்வாக இழுபட்டு, ஒவ்வொன்றாக அறுந்தன. குழிக்குள்ளேயும் அதே வெள்ளை. அதன்மேல் வெயில் பட்டதும் அது சுருங்கிற்று. உள்ளேயிருந்து வெதுவெதுப்பான ஒரு காற்று, காய்ச்சல்காரன் வாயைத் திறந்தது போல, சுகிர்தாவின் முகத்தில் நேராக அடித்தது.

"த்தூ! இன்னா கருமம்க்கா இது?"

"கீழ போடுடா அத."

"வரமாட்டேங்குது." அவன் சிரிக்கப் பார்த்தான். கையை உதறினான். கல் விழவில்லை. "அக்கா, நெசமாத்தான், கைய உடமாட்டேங்குது."

அவள் சறுக்கி இறங்கி, சுத்தியின் கூர்ப்பக்கத்தைக் கல்லுக்கும் கைக்கும் இடையில் விட்டு நெம்பினாள். தோலுரித்த கோழியை வெட்டும் சத்தத்தோடு அது பிரிந்தது. ரத்தம் இல்லை. உள்ளங்கை மட்டும் வழவழவென்று, குழந்தையின் கன்னம் போல ஆகியிருந்தது. ரேகை ஒன்றுகூட இல்லை.

"போச்சு," என்றான். "அட்டெண்டன்ஸ் பஞ்சிங் மிசின்ல கை வெச்சா இனிமே எடுக்காது." சொல்லிவிட்டுக் கையை ஜீன்ஸில் துடைத்தான். மறுபடி துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். "கொமட்டிக்கினு வருதுக்கா. எறங்கிடலாம்."

அவளுக்கும் தன் கையைத் தன் உடம்பிலேயே எங்கும் வைக்கப் பிடிக்கவில்லை. இறங்கிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். அப்போது அண்ணாந்து பார்த்துத் தொலைத்தாள். உச்சி இதோ இருந்தது. இத்தனை வருஷமாகக் கட்டைவிரல் நகம் அளவு தெரிந்தது, இப்போது ஒரு வீட்டுச் சுவர் அளவுக்கு, கருப்பாக, பளபளவென்று ஈரத்தோடு நின்றது.

"தோ கீதுடா. தொட்டுட்டு எறங்கிடலாம். அஞ்சு நிமிசம்."

இம்மானுவேல் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு தலையாட்டினான். அந்தத் தலையாட்டலுக்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போல அவளுக்கு இருந்தது. ஆனாலும் ஏறினாள்.

இனிமேல் எந்தக் கல்லையும் கையால் பிடிப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். சுத்தியால் தட்டி, முழங்கையை ஊன்றி, ஷூ முனையால் அழுத்தி, ஆடிக்கொண்டே இருக்கும் அந்தக் குவியலின் மேல் இரண்டு பேரும் பூனை நடை நடந்தார்கள். தட்டிய ஒவ்வொரு கல்லும் இப்போது அந்த வயிற்றுச் சத்தத்தைத்தான் கொடுத்தது. ஒரு இடத்தில் மூச்சு வாங்க நின்றாள்.

காலுக்குக் கீழே யாரோ தட்டினார்கள். டொக். டொக்.

இந்த இடத்தில் பவுண்டரியின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பெரிய பம்ப் கூடு என்றால் ஒரு ஆள் உள்ளே குனிந்து நிற்கலாம். ஒட்டியிருக்கும் மணலைச் சுரண்ட யாராவது உள்ளே போவார்கள். கிரேனால் தூக்கிக் கவிழ்ப்பதற்கு முன்னால், வெளியே இருப்பவர் இரண்டு தட்டு தட்டுவார். உள்ளே ஆள் இருந்தால் பதிலுக்கு இரண்டு தட்ட வேண்டும். அந்த இரைச்சலில் கத்தினால் யாருக்கும் கேட்காது. பதில் வந்தால், ஆள் இருக்கிறது, தொடாதே. பதில் வராவிட்டால், காலி, தூக்கு. சுகிர்தாவும் இம்மானுவேலும் மாறி மாறி உள்ளே போவார்கள். இந்தப் பழக்கம் அவள் எலும்புக்குள் இறங்கியிருந்தது. பக்கத்து வீட்டில் மிளகாய் இடித்தால் தூக்கத்தில் அவள் கை கட்டிலைத் தட்டும். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

டொக். டொக்.

அவள் யோசிக்கவில்லை. கைதான் போயிற்று. சுத்தி, கல்லின்மேல் இரண்டு முறை விழுந்தது.

பிறகுதான் அவளுக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தாள். இம்மானுவேல் இரண்டு கைகளையும் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"யாருக்கா தட்னது?"

அவள் காலுக்குக் கீழே இருந்த கல்லைப் பார்த்தாள்.

"கீழேருந்துதான தட்னாங்க? உள்ளேருந்து?" அவன் குரல் உடைந்தது. "நீ ஏன்க்கா பதில் கொட்த்த?"

ஆள் இருக்கிறது என்று சொல்லியாகிவிட்டது. எதனிடம் சொன்னோம் என்று தெரியவில்லை. காதிலிருந்து பாதம்வரை அவள் உடம்பு குளிர்ந்துபோனது. பயம் என்றால் இதுதான் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டாள். அதுவரை பயந்ததெல்லாம் வேறு ஏதோ.

"எறங்குடா. எறங்கு, எறங்கு."

இறங்குவதற்குத் திரும்பினார்கள்.

வந்த வழி இல்லை. கற்கள் இருந்தன, வரிசை அப்படியே இருந்தது. ஆனால் அவர்கள் மிதித்து வந்த கற்கள் எல்லாம் சத்தமில்லாமல் புரண்டு கிடந்தன. அடிப்பக்கம் மேலே. வெள்ளை, வெள்ளை, வெள்ளை. சரிவு முழுக்க ஈரமாக, வெயிலில் பளபளத்துக்கொண்டு, மெல்ல மெல்லச் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. அந்த இழைகள் காற்றே இல்லாமல் அசைந்தன. எல்லாம் ஒரே பக்கமாக அசைந்தன. அவர்கள் பக்கமாக.

இம்மானுவேல் வாந்தி எடுத்தான். அது விழுந்த இடத்தில் இழைகள் குவிந்தன. கொஞ்ச நேரத்தில் அந்த இடம் துடைத்தது போல ஆயிற்று. அதைப் பார்த்துச் சுகிர்தாவுக்கும் வந்தது, வாயைப் பொத்தி விழுங்கினாள். அதற்குச் சாப்பிட எதையும் கொடுக்கக் கூடாது என்று தோன்றியது.

"மேல," என்றாள். "மேல ஏறிடலாம். அந்தாண்ட பக்கம் வழி இருக்கும்."

ஓடினார்கள். ஓட்டம் என்று அதைச் சொல்ல முடியாது. ஷூ ஒவ்வொரு அடிக்கும் ஒட்டிப் பிடுங்கிக்கொண்டு வந்தது. உச்சிக்குக் கீழே ஆள் அகலத்துக்கு ஒரு பிளவு. சுகிர்தா தாண்டினாள். கருப்புக் கல்லில் வயிறு பட விழுந்து, முழங்கையால் ஊர்ந்து மேலே போனாள்.

உச்சி. வந்துவிட்டாள். கிழக்கே ஷெட்டுகளின் தகரக் கூரைகள், புகைபோக்கிகள், ரோட்டில் எறும்பு மாதிரி லாரிகள், அதற்கும் அப்பால் பழவேற்காட்டு ஏரியின் வெள்ளிக் கோடு. இத்தனை வருஷம் அங்கிருந்து இங்கே பார்த்தவள், இங்கிருந்து அங்கே பார்த்தாள். அவளுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அந்த இரும்புப் படிக்கட்டுக்கு, அந்தக் கரி நாற்றத்துக்கு, ஹேமாவதியின் நக்கலுக்குத் திரும்பிப் போய்விட வேண்டும் என்று மட்டும் அழுகையாக வந்தது.

கயிறு விண்ணென்று இழுத்தது.

"அக்கா!"

பிளவுக்குள் அவன் தலை இறங்கியது. வழவழத்த அந்தக் கை கல்லைப் பிடித்தது, பிடி கிடைக்காமல் நழுவியது. அவ்வளவுதான். கயிறு அவள் இடுப்பை அறுத்தது. காலை உதைத்து ஊன்றினாள்.

"இம்மா! பிடிச்சுக்கோடா! இழுக்கறேன்!"

"இழுக்கா! காலு... காலு மாட்டிக்கினு கீது..."

இழுத்தாள். ஒரு முழம் வந்தது. கயிறு ஈரமாக வந்தது. அந்த ஈரம் விரலிடுக்கில் கூழாக வழிந்தது. நாற்றம் கண்ணில் எரிந்தது. மறுபடி இழுத்தாள்.

உள்ளே அவன் குரல் நின்றது.

"இம்மா?"

கயிற்றை உலுக்கினாள்.

"டேய், பேசுடா!"

கயிறு கனமாகத்தான் இருந்தது. அவன் இருந்தான். எங்கேயோ ஏதோ மெல்லும் சத்தம். அதுவும் நின்றது.

டொக். டொக்.

பிளவுக்குள்ளிருந்து.

சுகிர்தா சுத்தியைக் கையில் எடுத்தாள். எடுத்தபடி நின்றாள். தம்பி தட்டுகிறானா? வாயில் ஏதோ அடைத்து, பேச முடியாமல், ஆள் இருக்கிறேன் என்று சொல்கிறானா? இல்லை, அது கேட்கிறதா? இன்னும் ஆள் இருக்கிறதா என்று?

பேசாமல் இருந்தால் தப்பிக்கலாம். காலி என்று நினைத்துக்கொள்ளும். கயிற்றை அறுத்துவிட்டு அந்தாண்ட பக்கம் சறுக்கி விழுந்து, எலும்பு முறிந்தாலும் உயிரோடு போகலாம்.

பேசாமல் இருந்தால், உள்ளே இருப்பது அவனாக இருந்தால், அக்கா இல்லை என்று நினைத்துக்கொள்வான். விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று.

டொக். டொக். இந்தத் தடவை மெதுவாக. சோர்ந்து போய்.

அவனை வளர்த்த கை அது. எப்படிச் சும்மா இருக்கும்? தட்டினாள். இரண்டு தட்டு.

கயிறு இளகியது. மேலே வந்தது. அவள் இழுக்கவே வேண்டியிருக்கவில்லை, அது பாட்டுக்கு வந்தது. சட்டை தெரிந்தது. தோள் தெரிந்தது. "வந்துட்டியாடா, ஆண்டவரே, வந்துட்டான்," என்று அழுதுகொண்டே அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் போட்டாள். குப்புறக் கிடந்தான். முதுகு ஏறி இறங்கியது. மூச்சு இருந்தது. சூடு இருந்தது.

தோளைப் பிடித்துப் புரட்டினாள்.

முன்பக்கம் வெள்ளையாக இருந்தது.

நெற்றி, மூக்கு, வாய், ஒன்றும் இல்லை. காதிலிருந்து காதுவரை, கழுத்திலிருந்து இடுப்புவரை, ஊறிய வெள்ளைத் தோல். ஈரம். அதன்மேல் வெயில் பட்டதும் அது சுருங்கிற்று.

அவள் கத்தினாளா என்று அவளுக்கே தெரியாது. பின்னுக்கு நகர்ந்தாள். உச்சியில் துருத்தி நின்ற கருப்புக் கல்லில் முதுகு முட்டியது.

"அக்கா."

அந்தக் குரல் கீழே கிடந்ததிலிருந்து வரவில்லை.

"அக்கா, எங்க கீற? இருட்டா கீதுக்கா."

கருப்புக் கல்லுக்குள்ளிருந்து. ரொம்பக் கிட்டத்தில். ஒரு விரற்கடை உள்ளே.

"இம்மா?"

"கேக்கலக்கா. கிட்ட வந்து சொல்லு."

அவனேதான். மூக்கை உறிஞ்சுகிற அந்தப் பழக்கம்கூட அவனுடையதுதான். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எதைத் தொடக் கூடாது என்று தெரிந்திருந்தது. ஆனாலும் தம்பி இருட்டில் தனியாக இருந்தான்.

மண்டி போட்டாள். காதைக் கல்லில் வைத்தாள். கல் வெதுவெதுப்பாக இருந்தது.

"இங்கதான்டா கீறேன். எங்கயும் போகல."

"இன்னும் கிட்ட."

தலையை எடுத்து, திரும்பிப் பேசப் பார்த்தாள். கன்னம் வரவில்லை. மயிரிழைகள் காதோரம் மெதுவாக ஊர்ந்தன, ஜவ்வாக, பொறுமையாக, மூக்கின் பக்கம். கையை ஊன்றித் தள்ளினாள். கையும் வரவில்லை. முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது, யாரோ அன்பாகத் திருப்புகிற மாதிரி.

முதலில் கண் பட்டது. பிறகு வாய்.